சொந்த நம்பிக்கையில் உறுதி, பிறர் நம்பிக்கைக்கு இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மதத்தை முழு மனதோடு பின்பற்றுகிறவர் மற்ற மதத்தவரிடம் எப்படி நடந்துகொள்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் நம்பிக்கையுள்ளவன்தான், எந்தப் பக்கமும் சாராதவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் மதம் எது என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். எந்த மதத்தவர் படித்தாலும் இது தனக்காக எழுதப்பட்டது என்று தோன்ற வேண்டும் என்பது என் ஆசை.

என் மதம்தான் உண்மை என்று நம்புவதே அடுத்தவரை அவமதிப்பது ஆகாதா?

ஆகாது. ஒன்றை உண்மை என்று நம்பினால் அதற்கு முரணானதைத் தவறு என்று நினைத்துத்தான் ஆக வேண்டும். மறுபிறவி உண்டு என்று ஒருவர் நம்புகிறார். ஒரே பிறவி, அதன் பிறகு தீர்ப்பு என்று இன்னொருவர் நம்புகிறார். அடுத்தவர் நினைப்பது சரியில்லை என்றுதான் இருவரும் கருதுவார்கள். அரசியலிலும் மருத்துவத்திலும் நாம் தினமும் இப்படிக் கருத்து வேறுபடுகிறோம். அங்கெல்லாம் யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"நீங்கள் நினைப்பது தவறு" என்ற பேச்சு, "உங்களுக்கு யோசிக்கத் தெரியவில்லை", "நீங்கள் கெட்டவர்", "உங்களுக்கு இங்கே இடமில்லை" என்று நகரும் இடத்தில்தான் அவமதிப்பு தொடங்குகிறது. நான் எதை உண்மையென்று கொள்கிறேன் என்பது ஒரு கேள்வி. அதை ஏற்காத உங்களை நான் எப்படி நடத்தலாம் என்பது வேறு கேள்வி. பாதிச் சண்டை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது. முதல் கேள்விக்கு எவ்வளவு உறுதியான பதிலையும் வைத்துக்கொள்ளலாம். அதனால் இரண்டாவது கேள்விக்கான பதில் கடுமையாகிவிட வேண்டிய அவசியம் இல்லை. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்து பிறந்தவை.

எல்லா மதமும் ஒரே உண்மையைத்தானே சொல்கின்றன? அப்படி எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான், ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை.

அன்பு, நேர்மை, ஈகை, பிறரைத் துன்புறுத்தாமை என்று வரும்போது மதங்கள் நெருங்கி வருகின்றன. அதைத் தாண்டினால் பாதை பிரிகிறது. இயேசு சிலுவையில் உயிர்விட்டு உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவத்தின் மையம். அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்கிறது குர்ஆனின் 4:157ஆம் வசனம். யூத மதமும் இஸ்லாமும் படைத்தவன் ஒருவன் என்பதில் தொடங்குகின்றன. சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்த கடவுள் என்ற ஒருவரை வைத்துக்கொள்வதே இல்லை. அந்த இரண்டுக்குள்ளும் பாருங்கள்: உயிர் என்றென்றும் உண்டு என்கிறது சமணம், நிலையான ஆன்மா என்று எதுவும் கிடையாது என்கிறது பௌத்தம். இவையெல்லாம் ஓரத்தில் கிடக்கும் சின்ன வித்தியாசங்களா என்ன? இவற்றுக்காக வாழ்க்கையையே மாற்றிக்கொண்டவர்களும் உயிரைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

"உள்ளது ஒன்றே, அறிந்தோர் அதைப் பலவாறு சொல்கிறார்கள்" என்ற ரிக் வேத வரியைச் (1.164.46) சிலர் மேற்கோள் காட்டுவார்கள். அழகான வரி. ஆனால் அதுவும் ஒரு மரபுக்குள்ளிருந்து எழுந்த குரல்தான். மற்ற மரபினர் அதை ஏற்றே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

"எல்லாம் ஒன்றுதான்" என்கிறவர் தன்னையறியாமலேயே எல்லா மதத்தவரிடமும், "உங்கள் மதம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை, எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிடுகிறார். நடைமுறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேறுபாடே இல்லை என்ற நினைப்பில் கட்டிய நட்பு, முதல் வேறுபாடு தலைகாட்டியதும் திகைத்துப்போகும். வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே தொடங்கிய நட்புக்கு அந்தத் திகைப்பு வராது.

பிற மதங்களைப் பற்றி ஒருவர் எடுக்கக்கூடிய நிலைகள் எவை?

சமய ஆய்வாளர்கள் பொதுவாக மூன்று என்பார்கள். 1983இல் ஆலன் ரேஸ் என்ற இறையியலாளர் வகுத்த பிரிவு இது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. என் வழியில் மட்டுமே மீட்பு என்பது முதல் நிலை. உண்மை முழுமையாக என் வழியில்தான் இருக்கிறது, ஆனால் மற்ற வழிகளில் இருப்பவர்களையும் அதே உண்மை தொடுகிறது என்பது இரண்டாவது. எல்லா வழிகளும் ஒரே மெய்ப்பொருளுக்கு மனிதர்கள் தரும் வெவ்வேறு பதில்கள் என்பது மூன்றாவது.

இரண்டாவது நிலைக்கு நம் மொழியிலேயே அருமையான சான்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் சொல்கிறார்: "யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்." நீங்கள் எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அந்தத் தெய்வமாகச் சிவனே வந்து அருள்வான். இதில் விரிந்த மனம் தெரிகிறது, அசையாத சைவ உறுதியும் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டில் கார்ல் ரானர் என்ற கத்தோலிக்க இறையியலாளர் இதே போக்கில் யோசித்தார். கிறிஸ்துவை அறியாமலேயே அவருடைய அருளில் வாழ்கிறவர்களைப் "பெயரில்லாக் கிறிஸ்தவர்கள்" என்றார். இருவரும் சந்தித்திருந்தால், அடுத்தவர் தன்னைத் தன் மதத்தில் சேர்த்துக்கொண்டதை எண்ணி இருவருமே கொஞ்சம் நெளிந்திருப்பார்கள். இந்த நிலையின் பெருந்தன்மையும் சிக்கலும் அந்த இடத்தில் ஒன்றாகவே இருக்கின்றன.

எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. மூன்று நிலைகளிலும் நல்ல அண்டைவீட்டாரும் இருக்கிறார்கள், கொடியவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் எந்தப் பிரிவில் வருகிறார் என்பதை வைத்து அவர் உங்களிடம் எப்படி நடந்துகொள்வார் என்று சொல்லிவிட முடியாது.

மதத்தில் உறுதியாக இருந்தவர்கள்தானே வரலாற்றில் இவ்வளவு ரத்தம் சிந்த வைத்தார்கள்?

ஆமாம், சிந்த வைத்தார்கள். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் மிக்கேல் செர்வெட்டஸ் என்ற மருத்துவரை உயிரோடு எரித்தார்கள். கடவுள் ஒருவரே, ஆனால் மூன்று ஆட்கள் என்ற கிறிஸ்தவக் கோட்பாட்டையும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும் அவர் மறுத்தார் என்பது குற்றச்சாட்டு. தண்டனையை ஆதரித்தவர்களில் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் இருந்தார்கள். ஜெனீவாவின் புராட்டஸ்டன்ட் தலைவர் ஜான் கால்வின் அவர்களில் ஒருவர்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவது நியாயமாகாது. அந்தக் கொலையை எதிர்த்து எழுதியவர் செபாஸ்டியன் கஸ்டெல்லியோ. விவிலியத்தை லத்தீனிலும் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்த பக்தர் அவர். "ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கோட்பாட்டைக் காப்பது ஆகாது, அது ஒரு மனிதனைக் கொல்வது, அவ்வளவுதான்" என்றார். செர்வெட்டஸின் கொள்கை சரியென்று அவர் வாதாடவே இல்லை. கொள்கை சரியா தவறா என்ற வழக்கையும் ஆளைக் கொல்லலாமா என்ற வழக்கையும் பிரித்து வைத்தார். முதல் கேள்விக்கான பதிலில் நான் சொன்ன அதே பிரிப்புதான்.

ரோஜர் வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து துரத்தப்பட்ட மதபோதகர். 1636இல் பிராவிடன்ஸ் என்ற புதிய குடியிருப்பைத் தொடங்கி, அங்கே யாருடைய மனசாட்சியிலும் அரசு தலையிடாது என்று வைத்தார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மென்மையானவர் என்று நினைத்துவிட வேண்டாம். க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் போதனை படுதவறு என்பது அவர் முடிவு. 1672இல், எழுபதை நெருங்கும் வயதில், தானே படகு வலித்துக்கொண்டு போய் அவர்களோடு நாள்கணக்கில் வாதாடினார். பின்பு அவர்களைத் தாக்கி ஒரு புத்தகமும் எழுதினார். ஆனால் பக்கத்து மாசசூசெட்ஸில் 1659 முதல் 1661 வரை க்வேக்கர்களைத் தூக்கிலிட்டபோது, பிராவிடன்ஸிலிருந்து வளர்ந்த ரோட் ஐலண்ட் குடியேற்றத்தில் அவர்கள் பயமின்றி வாழ்ந்தார்கள். கட்டாயத் தொழுகை கடவுளின் நாசிக்கு நாற்றம் என்பது அவர் வாதம். அடுத்தவரின் சுதந்திரத்தை அவர் காத்தது தன் கடவுள் பக்தியின் காரணமாகவே.

1860 ஜூலையில் டமாஸ்கஸில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகப் படுகொலை மூண்டது. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போரிட்டு, சிறையும் கண்டு, அங்கே வந்து குடியேறியிருந்த அமீர் அப்துல் காதிர் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தன் ஆட்களின் பாதுகாப்பில் வைத்துக் காப்பாற்றினார். அவர் ஆழ்ந்த சூஃபி அறிஞர். தன் மார்க்கம் இட்ட கடமையைச் செய்ததாகவே அதைக் கருதினார். இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் லெ ஷாம்போன் என்ற மலைக் கிராமத்தில் அந்த்ரே த்ரொக்மே என்ற போதகரின் தலைமையில் புராட்டஸ்டன்ட் மக்கள் யூதர்களை வீடுவீடாக ஒளித்து வைத்தார்கள். பிரான்சில் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் அரசாணை 1685இல் ரத்தானபின் தங்கள் முன்னோர் பட்ட பாடு அவர்கள் நினைவில் இருந்தது. 1990இல் யூதப் படுகொலைக்கான இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் அந்தக் கிராமத்தையே கௌரவித்தது.

உறுதியின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கொன்றவர்கள் பக்கத்தில் கூடுதலாக இருந்தவை அரசின் வாளும், அடுத்தவரின் தவறான கொள்கை தொற்றிவிடும் என்ற அச்சமும். மதத்தை நீக்கிவிட்டால் இது தீரும் என்பதற்கும் ஆதாரமில்லை. 1967இல் அல்பேனியா எல்லா மதங்களையும் தடைசெய்தது. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மூடப்பட்டன, மதகுருக்கள் சிறைக்குப் போனார்கள். அங்கேயும் இருந்தவை அதே வாளும் அதே அச்சமும்தான்.

பிற மத நூல்களைப் படித்தால் என் நம்பிக்கை ஆட்டம் காணாதா?

காணலாம். "ஒன்றும் ஆகாது, தைரியமாகப் படியுங்கள்" என்று உறுதிமொழி தர என்னால் முடியாது. படித்து மதம் மாறியவர்கள் உண்டு, இருந்த நம்பிக்கையும் போனவர்கள் உண்டு, முன்னைவிட ஆழமாகத் தன் மதத்தில் ஊன்றியவர்களும் உண்டு.

பிரான்ஸ் ரோசென்ஸ்வைக் என்ற ஜெர்மானிய யூதத் தத்துவவாதி 1913இல் கிறிஸ்தவராக மாற முடிவெடுத்தார். யூத மதத்தை நன்றாக அறிந்தபின்தான் அதைக் கடந்து போக வேண்டும் என்று தோன்றியது. அந்த ஆண்டு யோம் கிப்பூர் என்ற யூதப் பாவநிவர்த்தி நாள் வழிபாட்டுக்குப் போனார். சில வாரங்களில், தான் யூதராகவே இருக்கப்போவதாக உறவினருக்கு எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான யூதச் சிந்தனையாளர்களில் ஒருவரானார். கிறிஸ்தவத்தை மதித்துப் பேசுவதையும் அவர் நிறுத்தவில்லை. கிறிஸ்தவத்தின் வாசல்வரை போனதால்தான் தன் வீட்டின் மதிப்பு அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

சொந்த நூலை ஒருமுறைகூட ஒழுங்காகப் படிக்காமல் அடுத்தவர் நூலுக்குத் தாவ வேண்டாம் என்பது என் யோசனை. அப்படிப் படித்தால் ஆடிப்போவது எது என்றே தெரியாது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பழக்கம் ஆடுகிறதா, நீங்களே யோசித்து ஏற்ற நம்பிக்கை ஆடுகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

வேறொரு மதத்தைப் புரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்குவது?

ஸ்டாக்ஹோமின் லூத்தரன் ஆயராக (பிஷப்பாக) இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985இல் மூன்று விதிகளைச் சொன்னார். மார்மன் பிரிவினர் அங்கே கோயில் கட்டுவதற்கு எதிர்ப்புக் கிளம்பிய நேரம் அது. ஒரு மதத்தைப் பற்றி அறிய வேண்டுமானால் அதைப் பின்பற்றுகிறவர்களைக் கேளுங்கள், அதன் எதிரிகளைக் கேட்காதீர்கள். உங்கள் மதத்தின் சிறந்ததை அவர்கள் மதத்தின் மோசமானதோடு ஒப்பிடாதீர்கள். அவர்களிடம் இருக்கும் ஏதோ ஒன்றைப் பார்த்து, "இது நம்மிடமும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று ஏங்குவதற்கு மனதில் இடம் வையுங்கள். மூன்றாவதைப் புனிதமான பொறாமை என்றார்.

என் அனுபவத்தில் இரண்டாவது விதிதான் மிகவும் மீறப்படுகிறது. நம் பக்கத்தில் ஞானிகளைக் காட்டுவோம், அவர்கள் பக்கத்தில் கலவரக்காரர்களைக் காட்டுவோம். நம் நூலிலிருந்து கருணையான வரி, அவர்கள் நூலிலிருந்து கடுமையான வரி. நம் மதத்தில் ஒருவன் தவறு செய்தால் அது அவன் குணம், அவர்கள் மதத்தில் ஒருவன் தவறு செய்தால் அது அவன் மதம். இந்தத் தராசைச் சரிசெய்தாலே பாதித் தூரம் கடந்த மாதிரி.

நம் தத்துவ மரபில் பூர்வபட்சம் என்று ஒரு முறை உண்டு. எதிராளியின் வாதத்தை முதலில் முழுமையாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். மேலே சொன்ன சித்தியாரே பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் லோகாயதம், பௌத்தம், சமணம், ஆசீவகம், மாயாவாதம் என்று பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மறுத்துவிட்டுத்தான், இரண்டாவது பகுதியில் தன் கொள்கைக்கு வருகிறார் ஆசிரியர். மணிமேகலையிலும் ஒரு காதை முழுக்கச் சமயவாதிகள் தங்கள் கொள்கைகளைச் சொல்ல, மணிமேகலை கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டபின்தான் அவள் தன் வழியைத் தேர்கிறாள். நான் இதை ஒரு சோதனையாக வைத்துக்கொள்கிறேன்: உங்கள் நண்பரின் நம்பிக்கையை நீங்கள் விளக்கும்போது அவர் கேட்டுவிட்டு, "ஆமாம், நான் நம்புவது இதுதான்" என்று சொல்ல வேண்டும். அதுவரை அந்த நம்பிக்கையை மறுக்கத் தொடங்க வேண்டாம்.

என் மதத்தைப் புகழ்ந்து பேசக்கூடாதா?

தாராளமாகப் பேசலாம். கிமு மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தன் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் இதைத் தொட்டிருக்கிறார். தன் சமயத்தின் மேல் கொண்ட பற்றினால் அதை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துகிறவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்பது அதன் சாரம். நாவடக்கம் வேண்டும் என்றும், ஒருவர் சமயத்தை மற்றவர் கேட்டறிய வேண்டும் என்றும் அது சொல்கிறது. இத்தனைக்கும் அசோகர் பௌத்தத்தில் உறுதியானவர். அதை மறைத்துக்கொண்டு அவர் இதைச் சொல்லவில்லை.

அவர்கள் வழிபாட்டில் எவ்வளவு தூரம் கலந்துகொள்ளலாம்?

உங்கள் மதம் என்ன அனுமதிக்கிறதோ அதுவே எல்லை. மரியாதையாக உடனிருப்பது ஒன்று, வணங்குவது வேறொன்று. 1986 அக்டோபர் 27 அன்று போப் இரண்டாம் ஜான் பால் பல மதத் தலைவர்களை இத்தாலியின் அசிசி நகருக்கு அழைத்தபோது, சேர்ந்து ஜெபிப்பதற்காக வரவில்லை, ஜெபிப்பதற்காகச் சேர்ந்து வந்திருக்கிறோம் என்று விளக்கினார்கள். ஒவ்வொரு மதத்தவரும் தனித்தனியாகத் தங்கள் முறையில் வேண்டிக்கொள்ள, மற்றவர்கள் அமைதியாக உடனிருந்தார்கள்.

"மன்னியுங்கள், இதை மட்டும் என்னால் செய்ய முடியாது, ஆனால் உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. உங்கள் நிகழ்ச்சிக்கு வந்தவர் கைகூப்பவில்லை, மண்டியிடவில்லை என்றால் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் வந்ததே அன்பினால்.

என் மதத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்லலாமா? அது தலையீடு இல்லையா?

சொல்லலாம். உயிருக்கும் மேலான ஒன்று கிடைத்திருப்பதாக நம்புகிறவர் அதை வாயே திறக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பில்லாதது. 1948 டிசம்பர் 10 அன்று ஐநா ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் போதிக்கவும் மட்டுமின்றி மாற்றிக்கொள்ளவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. மாறும் உரிமை இருக்க வேண்டுமானால் கேட்கும் வாய்ப்பும் இருக்கத்தானே வேண்டும்?

எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும். நோயாளியின் படுக்கையருகே, வேலை கொடுக்கும் அதிகாரத்தில் இருந்துகொண்டு, கடனில் தவிப்பவரிடம், பெற்றோருக்குத் தெரியாமல் சிறுவர்களிடம் சொல்வதை நான் எதிர்க்கிறேன். இவர்களில் பலரால் "வேண்டாம்" என்று எளிதாகச் சொல்ல முடியாது. மறுக்க முடியாதவரிடம் பெற்ற சம்மதத்துக்கு என்ன மதிப்பு? "மார்க்கத்தில் கட்டாயம் இல்லை" என்கிற குர்ஆன் வசனத்தையும் (2:256) நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கட்டாயப்படுத்திப் பெற்ற நம்பிக்கை நம்பிக்கையே ஆகாது.

இன்னொன்று: நீங்கள் பேசும் அளவுக்குக் கேட்கவும் தயாராக இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால், அதன் பிறகும் பழைய நட்பு அப்படியே இருக்க வேண்டும்.

என் மகள் வேறு மதத்துக்கு மாறிவிட்டாள். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் துக்கத்தைத் துக்கம் என்றே ஒத்துக்கொள்ளுங்கள். "இந்தக் காலத்தில் இதெல்லாம் பெரிய விஷயமா" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லலாம். நீங்கள் உங்கள் மதத்தை மனதார நம்புகிறவரானால் இது பெரிய விஷயம்தான். சேர்ந்து வேண்டிய வேண்டுதல்கள், சேர்ந்து கொண்டாடிய நாட்கள் இவற்றில் ஒரு பகுதி போய்விட்டது. மகளின் இறுதி கதி பற்றியே பயம் இருக்கலாம். அந்தப் பயத்தைக் கேலி செய்கிறவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அந்தத் துக்கத்தை அவள்மேல் ஆயுதமாக்காமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை. "யார் மனதைக் கெடுத்தார்கள்?" என்று தொடங்கினால், அவளுக்குச் சொந்தப் புத்தி இல்லை என்று சொன்னதாக ஆகும். "அங்கே உனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களைக் காயப்படுத்தலாம். உங்களிடம் கேட்டுக் கிடைக்காத ஒன்றை அங்கே கண்டதாகச் சொல்லலாம். கேட்டுக்கொள்ளுங்கள், உடனே பதில் சொல்லத் தேவையில்லை.

உங்கள் நம்பிக்கையை அவளுக்காக மறைக்கவும் வேண்டாம். "நீ தேர்ந்தது தவறு என்று நினைக்கிறேன், உனக்காக வேண்டிக்கொண்டே இருப்பேன், இது என்றைக்கும் உன் வீடு" என்ற மூன்றையும் ஒரே மூச்சில் ஒரு தாயால், ஒரு தந்தையால் சொல்ல முடியும். ஒருமுறை சொன்னால் போதும், வாராவாரம் சொல்ல வேண்டாம். வீட்டுக் கதவை அடைத்தவர்களின் பிள்ளைகள் அதனால் பழைய மதத்துக்குத் திரும்பியதை நான் பார்த்ததில்லை. பெற்றோரையும் சேர்த்து இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாறிய பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: புதிதாகக் கிடைத்த வெளிச்சத்தின் வேகத்தில் பெற்றோரின் நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று பேசாதீர்கள். உங்களை வளர்த்த அன்பில் அதற்கும் பங்கு உண்டு.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், இரண்டு திசையிலும். சகிப்புத்தன்மைக்காக 1689இல் புகழ்பெற்ற கடிதத்தை வெளியிட்ட ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கூட நாத்திகர்களை விலக்கி வைத்தார். அவர்கள் செய்து கொடுக்கும் சத்தியத்தை நம்ப முடியாது என்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நாத்திகர்களின் சமூகமும் ஒழுக்கமாக வாழ முடியும் என்று பியர் பெய்ல் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் எழுதியிருந்தார். பெய்ல் சொன்னது சரி என்பதற்கு நாம் தினமும் பழகும் எத்தனையோ நேர்மையான நாத்திகர்களே சாட்சி.

நாத்திக நண்பர்களிடம் நான் கேட்பதும் அதே மரியாதைதான். நம்புகிறவர்கள் எல்லோரும் பயத்தினாலோ அறியாமையாலோ நம்புகிறார்கள் என்ற எண்ணத்தோடு பேசத் தொடங்கினால் உரையாடலே நடக்காது. ஸ்டெண்டாலின் இரண்டாவது விதி அவர்களுக்கும் உண்டு.

அப்படியென்றால் மதத்தின் பெயரில் எது நடந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

கூடாது. 1966இல் ஐநா ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. ஒருவர் மனதுக்குள் என்ன நம்புகிறார் என்பதில் யாரும் கை வைக்க முடியாது. அந்த நம்பிக்கையைச் செயலில் காட்டும்போது, பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, உடல்நலம், ஒழுக்கநெறி, பிறரின் அடிப்படை உரிமைகள் ஆகியவற்றைக் காக்கத் தேவையான அளவுக்குச் சட்டம் வரம்பு வைக்கலாம். குழந்தையை அடிப்பதும், பெண்ணைக் கட்டாயப்படுத்தி மணமுடிப்பதும், ஒரு பிரிவினரை ஒதுக்கி வைப்பதும் "எங்கள் நம்பிக்கை" என்ற சொல்லால் நியாயமாகிவிடாது.

யாருக்கு மரியாதை கொடுக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். பிற மதத்தை மதிக்கிறேன் என்று சொல்லி அதன் தலைவர்களோடு மட்டும் கைகுலுக்கிவிட்டு, அந்த மதத்துக்குள்ளேயே நியாயம் கேட்கும் பெண்களையும் மாற்றுக் கருத்துள்ளவர்களையும் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்கு மரியாதையாகத் தெரியவில்லை. அவர்களும் அந்த மதத்தினர்தான்.

விமர்சனம் வேறு, இழிவுபடுத்துவது வேறு. கோட்பாட்டை அலசலாம், அதன் விளைவுகளைக் கேள்வி கேட்கலாம். தன் மதத்திடம் அந்தக் கேள்விகளை முதலில் கேட்டுவிட்டு வருகிறவரின் விமர்சனத்துக்கு எடை அதிகம்.

உரையாடிக்கொண்டே இருந்தும் யாரும் மாறுவதில்லையே, பிறகு என்ன பயன்?

மாற்றுவதற்காக மட்டுமே பேசினால் பயனில்லைதான். 1219இல், ஐந்தாம் சிலுவைப் போரின் நடுவே, எகிப்தின் டாமியெட்டா அருகே அசிசியின் பிரான்சிஸ் என்ற கிறிஸ்தவத் துறவி ஆயுதமில்லாமல் எதிர்ப்பக்கம் போய் எகிப்தின் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். பிரான்சிஸ் தன் மதத்தை எடுத்துச் சொல்லத்தான் போனார். சுல்தான் மாறவில்லை, பிரான்சிஸும் மாறவில்லை. பிரான்சிஸ் பத்திரமாகத் திரும்பி வந்தார். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நேரத்தில் அதுவே பெரிய விஷயம். பின்னால், முஸ்லிம்கள் நடுவே போகும் தன் துறவுச் சகோதரர்களுக்கான விதியில், தகராறு செய்யாமல் அடங்கி வாழ்வதையும் ஒரு வழியாக அவர் எழுதி வைத்தார். அந்தச் சந்திப்புக்கு அதில் பங்கு உண்டு என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

"அவர்கள் எல்லோரும் நரகத்துக்குப் போவார்களா?" என்று குழந்தை கேட்டால்?

பள்ளியில் பக்கத்தில் உட்காரும் தோழியை நினைத்துத்தான் குழந்தை பெரும்பாலும் இதைக் கேட்கும். "யாரைப் பற்றி யோசிக்கிறாய்?" என்று முதலில் கேளுங்கள்.

பிறகு உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் மதம் என்ன போதிக்கிறது என்பதைத் திரிக்கவும் வேண்டாம், அச்சுறுத்தும் விதத்தில் சொல்லவும் வேண்டாம். பெரும்பாலான மரபுகளில் இறுதித் தீர்ப்பு மனிதர் கையில் இல்லை என்ற போதனை இருக்கிறது. அதைக் குழந்தைக்குப் புரியும்படி சொல்லலாம்: "நாம் இந்த வழியை நம்புகிறோம். உன் தோழியின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். தீர்ப்புச் சொல்கிற வேலையை அவர் நமக்குக் கொடுக்கவில்லை." கடவுளை அப்படிப் பேசாத மரபானால், அந்த மரபு கருணையைப் பற்றிச் சொல்வதிலிருந்து தொடங்கலாம்.

ஒரே உட்காரலில் முடித்துவிட முயல வேண்டாம். சில மாதம் கழித்து அதே கேள்வி வேறு வடிவத்தில் வரும். அந்தத் தோழியின் வீட்டுக்குக் குழந்தை போய்வரட்டும், அவளும் உங்கள் வீட்டுக்கு வரட்டும். அவள் தன் மதத்தைப் பற்றி ஏதாவது சொன்னதாகக் குழந்தை வந்து சொன்னால், திருத்துவதற்கு முன் முழுவதையும் கேளுங்கள்.